அடுத்த பந்து உனக்கு

வாலிபாலில் செட்டர் என்பவன் ஒரு விசித்திரமான பிறவி. ஒவ்வொரு பந்தும் அவன் கை வழியாகத்தான் போகும்; கைதட்டல் மட்டும் அவன் பக்கம் எட்டிப் பார்க்காது. அவன் தூக்கிக் கொடுத்த பந்தை இன்னொருவன் எம்பி அடித்துத் தரையில் இறக்கினால், அடித்தவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். அதே பந்து வலையில் மாட்டிக்கொண்டால், "என்னடா செட் பண்ணின லட்சணம் இது?" என்று செட்டரைத்தான் கேட்பார்கள். புகுந்த வீட்டில் சமைக்கிற புது மருமகளின் நிலைமைதான்.

இந்தக் கதையில் வரும் கல்லூரி அணியின் செட்டருக்கு விடுதிப் பையன்கள் வைத்த பேர் 'தபால்'. எந்தக் கதவுக்கு எந்தக் கடிதம் என்று பார்த்துச் சேர்க்கிறவன் என்பதால் வந்த பேர். பெற்றவர்கள் வைத்த பேரை வகுப்பில் யாராவது கூப்பிட்டால், அது தான்தானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

கல்லூரிகளுக்கு இடையிலான ஆண்கள் வாலிபால் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று காலையிலிருந்தே தபாலுக்கு ஒரே கலக்கம். கோப்பைக்காக இல்லை. கோப்பை கிடைத்தால் முதல்வர் அறைக் கண்ணாடி அலமாரியில் இன்னொரு பொருள் தூசி படியப் போகிறது, அவ்வளவுதானே. கலக்கமெல்லாம் ஏணிக்காக.

ஏணி அவனுடைய அறைத்தோழன். அறைக்குள் நுழையும்போது நிலையில் தலை இடிக்கும் உயரம். வலைக்கு நடுவில் நின்று, செட்டர் குட்டையாக, வேகமாகத் தூக்குகிற பந்தை எதிராளி சுதாரிப்பதற்குள் அடித்து இறக்குவது அவன் வேலை. படிப்புதான் ஏறவில்லை. பாதிப் பாடங்கள் அரியராகக் கிடந்தன. பட்டம் என்றைக்குக் கைக்கு வரும் என்று அவனுக்கும் தெரியாது, பேராசிரியர்களுக்கும் தெரியாது. ஆனால் துறைமுக அலுவலகத்துக்குச் சொந்தமாக ஒரு வாலிபால் அணி இருந்தது. அந்த அணியில் எடுத்துக்கொண்டால் கூடவே நிரந்தர வேலை. இந்த வருடம் அடிக்கிற ஆட்டக்காரன் ஒருவனுக்கு மட்டும் இடம் காலி. அந்த ஒருவனைப் பொறுக்கத்தான் அவர்களுடைய பயிற்சியாளர், வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர், அரங்கத்தின் மூன்றாம் படியில் வந்து உட்கார்ந்திருந்தார்.

ஏணிக்கு அம்மா மட்டும்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ராத்திரி முறை வேலை. கொதிக்கிற நீரிலும் மருந்து நெடியிலும் கிடந்து கிடந்து அவள் விரல்களெல்லாம் வெளுத்து, தோல் உரிந்திருக்கும். "இந்த வேலை மட்டும் கிடைக்கட்டும்டா, எங்கம்மாவைத் தினமும் ராத்திரி வீட்ல தூங்க வைக்கிறேன்" என்று ஏணி அடிக்கடி சொல்வான். வேறு பெரிய ஆசை எதையும் அவன் வாயிலிருந்து தபால் கேட்டதில்லை.

அந்த அம்மா முதல்முறையாக மகனின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தாள். அரங்க வாசலில் தபாலைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீதான் இவனுக்குப் பந்து தூக்கிக் குடுக்கிறவனாமே? பாத்துக் குடுப்பா."

"கவலையே படாதீங்கம்மா. இன்னிக்கு வர்றதெல்லாம் அவனுக்குத்தான்."

வாய்தான் கெடுத்தது. சொன்னதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை; பிள்ளை அதை அப்படியே செய்தும் காட்டினான்.

முதல் இரண்டு செட்டிலும் தபால் பந்தையெல்லாம் ஏணிக்கே தூக்கினான். நல்ல பந்தும் ஏணிக்கு, மோசமான பந்தும் ஏணிக்கு. ஓரத்தில் ஆள் இல்லாமல் காலியாக நின்ற மேயர், "டேய், இங்க ஒருத்தன் இருக்கேன்டா!" என்று கத்தியதும் காதில் விழவில்லை. (மேயர் அணியின் இன்னொரு அடிக்கிறவன். ஊரே தன்னைப் பார்க்கிறது என்ற நினைப்பில் நடப்பதால் அந்தப் பேர். ஆனால் அடி விழுந்தால் இடிதான், அதில் பொய் இல்லை.) எதிரணிக்காரர்கள் முட்டாள்களா என்ன? எல்லாப் பந்தும் நடுவுக்குத்தான் வருகிறது என்று கொஞ்ச நேரத்திலேயே புரிந்துகொண்டார்கள். ஏணி எம்பும்போதெல்லாம் வலைக்கு மேலே நான்கு கைகள் தயாராக எழுந்தன. அடித்த பந்து அடித்த வேகத்திலேயே அவன் காலடியில் வந்து விழுந்தது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தது, பிறகு எண்ணுவதற்கே வெட்கமாகிவிட்டது.

ஐந்து செட் ஆட்டத்தில் இரண்டு போயிற்று. தொப்பிக்காரர் ஏணியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவரோடு பேச ஆரம்பித்தார்.

"உனக்கு என்ன மூளை குழம்பிடுச்சா?" என்று விளையாட்டு ஆசிரியர் தபாலைப் பிடித்துக் கிழித்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். "மேயர்னு ஒருத்தன் இருக்கிறது தெரியுமா, தெரியாதா?"

மூன்றாவது, நான்காவது செட்டில் பந்து மேயருக்குப் போனது. மேயர் வெளுத்து வாங்கினான். தட்டுத் தடுமாறி இரண்டு செட்டையும் பிடித்தார்கள். ஆனால் இதற்குள் ஏணியின் முகம் தொங்கிப்போயிருந்தது. கடைசி செட்டுக்கு முன்னால் மாஸ்டர் தபாலைத் தனியாக அழைத்தார்.

"ஏணியை உக்கார வச்சிடலாம்னு பாக்கிறேன்."

"சார், வேண்டாம் சார். அவன் இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்கிட்ட லட்சணத்தைத்தான் ரெண்டு செட்டா பாத்தேனே. சரி, இருக்கட்டும். ஆனா இன்னொரு பந்து அவன் அடிச்சுத் தடுபட்டுதுன்னு வை, அந்த நிமிஷமே வெளிய கூப்பிட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

தபாலுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏணிக்கு இனி ஒரே ஒரு பந்துதான். அது தடுபடாத பந்தாக இருக்க வேண்டும். அவன் எதிரில் கை தூக்க யாருமே இல்லாத நேரமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருந்தது. எல்லா செட்டர்களுக்கும் தெரிந்த வழிதான். நடுவில் நிற்கிறவன் தனக்குப் பந்து வருகிற மாதிரி முழு மூச்சோடு எம்புவான். தடுக்கிறவர்கள் அவனோடு சேர்ந்து எம்புவார்கள். பந்து ஓரத்துக்குப் போய்விடும். இரண்டு மூன்று தடவை இப்படி ஏமாந்தால், 'இவனுக்குப் பந்து வராது' என்று தடுக்கிறவர்கள் அவனை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஓட ஆரம்பிப்பார்கள். அப்போது கொடுக்க வேண்டும் நடுவில் நிற்கிறவனுக்கு. வலை முழுக்க அவனுக்கே சொந்தம்.

சிக்கல் என்னவென்றால், ஏணிக்கு நடிக்க வராது. விடுதியில் எந்தக் குழாய் உடைந்தாலும் வார்டன் நேராக ஏணியின் முகத்தைத்தான் பார்ப்பார். உடைத்தவன் யாரென்று அதில் எழுதியிருக்கும். பந்து தனக்கு இல்லை என்று தெரிந்தால் ஏணி எம்புகிற எம்பல், பரண் மேலே பெட்டி இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பது போல இருக்கும். லீக் ஆட்டத்திலேயே எதிரணி அதைக் கண்டுபிடித்துவிட்டது. அவன் அரைமனதாக எம்பினால் அவர்கள் அசையக்கூட மாட்டார்கள்.

ஆகவே தபால் ஒரு காரியம் செய்தான். களத்துக்குள் போகும்போது மேயரின் தோளில் கை போட்டு, "இந்த செட்ல என் விரலைப் பாக்காத. என்ன காட்டினாலும் நீ ரெடியா இரு" என்றான்.

செட்டரின் விரல்தான் அணிக்குக் கடிதம். எதிரணி சர்வீஸ் போடுவதற்கு முன்னால், வலைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் ஏணிக்கு. நாலு விரல் என்றால் ஓரத்துக்கு. பின்னால் நிற்கிற தோழர்களுக்கு மட்டும் தெரியும். நான்கு வருடங்களில் அந்த விரல் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னது.

கடைசி செட் பாதி தாண்டியபோது, இடம் மாறும் முறைப்படி ஏணி முன்வரிசைக்கு வந்தான். எதிரணி சர்வீஸ். தபால் முதுகுக்குப் பின்னால் ஒரு விரலைக் காட்டினான். பந்து வந்தது, பின்னால் நின்றவன் எடுத்துக் கொடுத்தான், ஏணி ஓடிவந்து எம்பினான். என்ன எம்பல் அது! இடுப்புவரை வலைக்கு மேலே தெரிந்தது. எதிரே நான்கு கைகள் பதறி எழுந்தன. தபால் பந்தைத் தலைக்கு மேலே வாங்கி, ஓரத்துக்குத் தள்ளினான். மேயருக்கு எதிரில் ஈ காக்கை இல்லை. அடி விழுந்த சத்தம் கூரைத் தகரத்தில் எதிரொலித்தது.

எல்லோரும் மேயரைக் கட்டிக்கொண்டார்கள். ஏணி மட்டும் தபாலிடம் வந்தான்.

"என்னடா, ஒரு விரல்தானே காட்டினே?"

"கை நழுவிடுச்சுடா. அடுத்த பந்து உனக்கு."

அடுத்ததும் அப்படியே. ஒரு விரல், முழு எம்பல், வலைக்கு மேலே எழுந்த கைகள், மேயரின் அடி. ஆட்டம் நீண்டு பந்து அங்கும் இங்கும் போய்வரும்போதுகூட ஏணி ஒவ்வொரு முறையும், "குடுடா! குடுடா!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே எம்பினான். "அடுத்தது, அடுத்தது" என்று தபாலும் ஒவ்வொரு முறையும் சொன்னான். சொல்லும்போதெல்லாம் அவன் நெஞ்சில் ஏதோ கிள்ளியது. மூன்றாம் படியில் தொப்பிக்காரர் மறுபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண் மேயர் மேல் இருந்தது. இருக்கட்டும், தபாலுக்கு அவசரமில்லை. கடைசியில் பார்ப்பதுதான் மனதில் நிற்கும். வெற்றிப் புள்ளியை ஏணி அடித்து இறக்குவதை அந்தக் கிழவர் கண் குளிரப் பார்க்கட்டும் என்று அவன் காத்திருந்தான்.

பதினான்குக்குப் பதின்மூன்று, தபாலின் அணி முன்னால். ஒரு புள்ளி போதும். சர்வீஸ் எதிரணியிடம்.

தபால் வலைக்கு அப்பால் பார்த்தான். நடுவில் நின்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்களும் ஏணியைப் பார்க்கவேயில்லை. "ஓரம்! ஓரம்!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு மேயர் பக்கமாகக் கால் நகர்த்தி நின்றார்கள். ஏணியின் எதிரில் வலை அப்படியே திறந்து கிடந்தது. இதற்காகத்தான், இந்த ஒரு பந்துக்காகத்தான் இவ்வளவும். முதுகுக்குப் பின்னால் ஒரு விரலை நீட்டினான். இந்த முறை சத்தியமான விரல். எப்படித் தூக்குவது, எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அவன் கைக்குள் தயாராக இருந்தது.

நடுவர் விசில் ஊதினார். எதிரணிப் பையன் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தான்.

பந்து வலையின் மேல்பட்டையில் பட்டது. ஒரு கணம் அங்கேயே தயங்கியது. பிறகு அவர்கள் பக்கமே விழுந்தது.

தவறிய சர்வீஸுக்குப் புள்ளி தபாலின் அணிக்கு; ஆட்டம் முடிந்துவிட்டது. அரங்கம் இடிந்து விழுவது போல் கத்தியது. மாற்று ஆட்டக்காரர்கள் தண்ணீர்ப் புட்டிகளை வீசிவிட்டு ஓடிவந்தார்கள், மாஸ்டர் வயதை மறந்து குதித்தார், யாரோ தபாலைத் தூக்கிச் சுற்றினார்கள். தபால் இரண்டு கைகளையும் நெற்றிக்கு மேலே விரித்தபடியே இருந்தான். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் அவனுக்கு வரவேயில்லை. 'இன்னொரு பந்து போடுங்கடா, ஒரே ஒரு பந்து' என்று எதிரணிக்காரனின் காலில் விழுந்து கேட்க வேண்டும் போல இருந்தது.

கூட்டத்துக்கு வெளியே ஏணி ஓடிவர ஆரம்பித்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

தொப்பிக்காரர் படியிறங்கி வந்தார். நேராக மேயரிடம் போனார். கை குலுக்கினார், வயதைக் கேட்டார், திங்கட்கிழமை சான்றிதழ்களோடு துறைமுக அலுவலகத்துக்கு வரச் சொன்னார். போகிற வழியில் ஏணியின் தோளிலும் தட்டினார். "நல்ல உயரம் தம்பி. நல்லா எம்புறே" என்றார். அவ்வளவுதான். அவர் மேலும் குற்றம் இல்லை. பார்த்ததைத்தானே அவர் எடுக்க முடியும்?

மேயர் ஓடிவந்து தபாலைக் கட்டிக்கொண்டான். "மச்சான், எல்லாம் உன் கைடா! சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்டா!" அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் வீட்டிலும் யாரோ இந்த வேலைக்காகக் காத்திருந்திருப்பார்கள். தபால் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான். திட்டுவதற்கும் மனம் வரவில்லை, சந்தோஷப்படவும் முடியவில்லை.

படம் எடுத்து, கோப்பையைத் தூக்கி, கூட்டம் கலைந்தது. ஏணி படிக்கட்டில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. ராத்திரி வேலைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. தபால் தயங்கித் தயங்கி அருகில் போனான்.

"வாப்பா" என்றாள் அவள். "ஜெயிச்சிட்டீங்களாமே, சந்தோஷம்." கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இந்த ஆட்டம் ஒண்ணும் புரியாது தம்பி. தப்பா கேட்டா மனசுல வச்சுக்காத. கடைசியில இவன் அத்தனை தடவை எம்பி எம்பிக் குதிச்சானே, கத்தினானே... ஒரு பந்துகூட ஏம்பா குடுக்கலை?" என்றாள்.

கோபம் இல்லை அவள் குரலில். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை ஏன் இல்லை என்று கேட்பது போலக் கேட்டாள். அதுதான் தபாலைக் கொன்றது.

ஏணி ஷூவிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதெல்லாம் நாங்க பேசி வச்சதும்மா. நான் சும்மா குதிக்கிறது, அவங்க ஏமாறுறது, மேயர் அடிக்கிறது. எனக்குத் தெரியும்" என்றான்.

காது சிவந்துபோயிருந்தது அவனுக்கு. வார்டன் முன்னால் நிற்பதை விட மோசமாக நடித்தான்.

"இல்லம்மா" என்றான் தபால். "பேசி வைக்கலை. அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் உனக்குத்தான்னு சொன்னேன், வேற ஆளுக்குக் குடுத்தேன். அவன் நிஜமா குதிச்சாதான் அவங்க ஏமாறுவாங்க, அதான்... கடைசிப் பந்து அவனுக்குன்னு வச்சிருந்தேன்மா. சத்தியமா வச்சிருந்தேன். அது வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்துப் பையன் சர்வீஸை வலையில அடிச்சிட்டான்."

ஏணி நாடாவை விட்டுவிட்டான். அப்போதுதான் எல்லாம் அவனுக்கு முழுதாகப் புரிந்தது போலிருந்தது. கை நழுவியதாகச் சொன்னது, அடுத்தது அடுத்தது என்றது, எல்லாமே. அவன் தபாலைப் பார்த்த பார்வையில் தபால் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மேயருக்குத் தெரியுமா?" என்று கேட்டான் ஏணி.

"தெரியும்."

"எனக்கு மட்டும்தான் தெரியாதா?"

ஆமாம் என்று தபால் தலையை ஆட்டினான். அரங்கத்தைப் பெருக்குகிறவர் வலையை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பிறகு தபாலின் பக்கம் குனிந்து, ரகசியம் கேட்பது போல மெல்லக் கேட்டாள்.

"அந்தக் கடைசிப் பந்து வந்திருந்தா, இவன் அடிச்சிருப்பானாப்பா?"

ஏணியும் திரும்பினான். அம்மாவின் ஆறுதலுக்காகப் பொய் சொல்லிவிடுவானோ என்று பயந்தவன் போல, தபாலின் முகத்தையே உற்றுப் பார்த்தான்.

"அடிச்சிருப்பான்மா" என்றான் தபால். "அவனுக்கு முன்னாடி ஒரு கைகூட இல்லை. ரெண்டு பேரும் அந்தப் பக்கம் போயிட்டாங்க. நான் பாத்தேன்."

"நானும் பாத்தேன்" என்றான் ஏணி. அவன் உதடு கோணியது. "ஓடிவரத் தயாரா நிக்கும்போதே பாத்தேன்மா. காலியா இருந்துச்சு."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவ்வளவு உயரமான பிள்ளை, மடங்கி, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். அவள் அவனை அழ விட்டாள். அந்த உரிந்த விரல்களால் ஒரு கையில் அவன் தலையைத் தடவிக்கொண்டே, இன்னொரு கையை நீட்டிக் கீழ்ப்படியில் குலுங்கிக்கொண்டிருந்த தபாலின் சட்டையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.